எதிரி மடத்துச் சுவடி

தம்பி, நீங்கள் எழுதத் தொடங்கியிருக்கும் மாய உலக நாவலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் ஒரு கற்பனை நாடு. அங்கே ‘விசையர்’ என்றொரு கூட்டம். உலகத்தைத் தெய்வம் நடத்தவில்லை, ஒளி, இருள், வெறுமை என்ற மூன்று விசைகள்தான் நடத்துகின்றன என்பது அவர்கள் கொள்கை. அரசன் தடை போடுகிறான், சுவடிகளை எரிக்கிறான், கடைசிச் சீடன் ஒருவன் ஒற்றைச் சுவடியோடு தப்பி ஓடுகிறான். அரசன் எதற்காக இவ்வளவு பயப்பட வேண்டும், ஒடுக்குமுறை நம்பும்படியாக இருக்க என்ன வழி, அந்தக் கொள்கை கடைசியில் எப்படிப் பிழைக்கும் என்று மூன்று கேள்விகள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசிச் சீடனை எடுத்துவிடுங்கள். அவன் இடத்தில், விசையரை மறுத்து நூல் எழுதுகிற மடத்திலேயே வளரும் ஒரு பிள்ளையை வையுங்கள். நான் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், திருவாரூருக்குத் தெற்கே கடைமடையில் கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவன். இந்த இரண்டு இடத்திலிருந்தும் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

விசைகளிலிருந்து தொடங்கலாம். ஒளி, இருள், வெறுமை என்பவை கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் நாட்டில் சேற்றில் நின்று நாற்று நடுகிறவளுக்கு அவற்றால் ஆகப்போவது என்ன? ஒரு மண்ணில் ஒரு தத்துவம் முளைத்தது என்றால், அங்கே விடிந்ததும் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்களோ அதிலிருந்துதான் முளைத்திருக்கும். எங்கள் பக்கத்தில் அது தண்ணீர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்களா என்பதில் எங்கள் வருடம் தொடங்குகிறது. கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். பிறகு அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, பாண்டவையாறு, ஓடம்போக்கி என்று கிளை கிளையாக இறங்கி, கடைசியில் எங்கள் வாய்க்காலை எட்டும்போது பாதி நாற்றங்கால் வெடித்திருக்கும்.

இந்தத் தண்ணீர் நான்கு விதமாக நடந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பாயும். தேங்கும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வடிகால் எடுக்காமல் சம்பாப் பயிர் கழுத்தளவு நீரில் நாட்கணக்கில் நிற்கும். கசியும், கரையை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு நண்டு வளை போதும், இரவில் சொட்டாக ஒழுகியது விடியும்போது உடைப்பாகிவிடும். நான்காவது, எதிரேறும், ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில் கடல் ஓதம் முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறி நிலத்தை உப்பாக்கும். பாய்வு, தேக்கம், கசிவு, எதிரேற்றம். உங்கள் விசையர் இந்த நான்கையும் வானத்துக்கும் உயிருக்கும் பொருத்திப் பார்த்தவர்களாக இருக்கட்டும். பாய்வதெல்லாம் எங்கோ தேங்கும்போது உருவம் கிடைக்கிறது; மலையும் மரமும் மனிதனும் தேக்கங்கள். தேங்கியது கசிந்துகொண்டே இருக்கிறது. அதற்குத்தான் மூப்பு என்று பெயர். கசிந்து தீர்ந்தது ஒருநாள் எதிரேறித் திரும்புகிறது. அதைப் பிறப்பு என்கிறோம். இப்படி வைத்தால் உங்கள் நாட்டு மடை திறப்பவன்கூட அந்தத் தத்துவத்தைப் பேச முடியும். அரசன் பயப்படவும் அப்போதுதான் காரணம் கிடைக்கும்.

காவிரி எப்படி வந்தது என்று மணிமேகலையின் பதிகம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். காந்தமன் என்ற சோழன் வேண்டிக்கொண்டான், அகத்தியர் கரகத்தைக் கவிழ்த்தார், ஆறு பிறந்தது. ஒரு மன்னன் கேட்டான், ஒரு முனிவர் கொடுத்தார். ஆற்றங்கரையில் அரசாண்ட எவருக்கும் இப்படி ஒரு கதை தேவைப்படும். கரிகாலன் கரை கட்டிய பெருமையைப் பின்வந்த சோழர்கள் தங்கள் செப்பேட்டில் எழுதிவைத்ததும் அதனால்தான். தண்ணீரை நான் கொண்டுவருகிறேன், ஆகவே விளைச்சலில் எனக்குப் பங்கு கொடு என்பதுதான் அடிப்படை. அந்த இடத்தில் ஒருவன் வந்து, ‘தரை கிழக்கே சாய்ந்திருக்கிறது, அதனால் தண்ணீர் வருகிறது’ என்று சொன்னால் என்ன ஆகும்? அவன் யாரையும் திட்டவில்லை, வாளை எடுக்கவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அரசனுக்கும் இடமில்லை, புரோகிதனுக்கும் இடமில்லை. உங்கள் அரசன் பயப்பட இது போதும்.

இப்படி ஒரு கூட்டம் நம் மண்ணிலேயே இருந்தது. ஆசீவகர். வடக்கே புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தில் மற்கலி கோசாலர் தலைமையில் வளர்ந்த நெறி. நடப்பதெல்லாம் நியதிப்படி நடக்கிறது, மனித முயற்சியால் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது அவர்கள் கொள்கை. நியதியைத் தமிழில் ஊழ் என்றார்கள். ஊழே முடிவு செய்துவிட்டது என்றால் யாகத்தால் பயனில்லை, தானத்தால் புண்ணியம் ஏறாது, தவமும் கணக்கை மாற்றாது. யாகம் செய்கிறவர், தானம் வாங்குகிறவர், தவம் போதிக்கிறவர் மூவருக்கும் ஒரே சமயத்தில் இது ஆகாத கொள்கை. அதனால்தான் தங்களுக்குள் ஒத்துப்போகாத வைதீகரும் பௌத்தரும் சமணரும் சைவரும் ஆசீவகரை மறுப்பதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள். புத்தரின் பேச்சாகப் பாலி நூல் ஒன்று சொல்கிறது: ஆடைகளில் மிக மட்டமானது மயிர்க்கம்பளம், குளிர்காலத்தில் சில்லிடும், வெயில் காலத்தில் சுடும்; கொள்கைகளில் மற்கலியின் கொள்கை அப்படி.

டெல்டாவோடு அவர்களுக்கு இருந்த தொடர்பு இன்னும் நெருக்கமானது. சிலப்பதிகாரத்தில், கோவலன் கொலையுண்ட செய்தி புகாருக்கு வந்து சேர்ந்தபின், அவன் தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியாகிறான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரிடம் போய்ச் சேருகிறான். மகளை அப்படிப் பறிகொடுத்த ஒருவன், எதற்கு, யாரால், ஏன் என் மகளுக்கு என்று கேட்டு ஓய்ந்தபின் போய் உட்கார்ந்த இடம் ஊழைச் சொல்லும் கூட்டம் என்பதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் குரல் கம்மிவிடும். ஊழ் என்றால் சோம்பேறிகளின் தத்துவம் என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். துக்கம் தாங்காதவனுக்கு அது நிழல். உங்கள் விசையரிடம் யார் போய்ச் சேருகிறார்கள் என்று யோசியுங்கள். வெள்ளத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்கள், ‘உன் பாவம்’ என்று பூசாரி சொன்னதைப் பொறுக்க முடியாதவர்கள். ‘உன் பாவமில்லை அம்மா, கசிவு’ என்று விசையர் சொல்வார்கள்.

இனி ஒடுக்குமுறை. நீங்கள் நெருப்பில் தொடங்குகிறீர்கள். நெருப்பு எல்லோர் கண்ணிலும் படும், அதனால் பேசப்படும். ஒரு கொள்கையை உண்மையில் சாகடிக்கும் வேலை சத்தமில்லாமல் நடக்கிறது.

முதலில் தண்ணீரும் நிலமும். சமண, பௌத்தத் துறவிகள் தங்கும் பள்ளிகளுக்கு மன்னர்கள் கொடுத்த நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தது 1006 இல். பள்ளி வாழ்வது அப்படிப்பட்ட நிலத்தில்தான். நிலத்தை மாற்றி எழுதிவிட்டால் துறவி நாலாம் மாதம் ஊரைவிட்டுப் போய்விடுவான். நிலத்தை எடுக்காமலே தண்ணீரை எடுக்கவும் வழி உண்டு. சோழர் காலத் தானச் செப்பேடுகளில் ஒரு வாசகம் வரும்: இந்த வாய்க்காலில் மற்றவர்கள் கிளை வெட்டலாகாது, குற்றேத்தம் என்ற சிறு ஏற்றம் போடலாகாது, கூடைநீர் இறைக்கலாகாது. தானம் பெற்றவருக்கு உரிமை என்று எழுதிய அதே வரி, பெறாதவருக்குத் தடை. இதை உங்கள் நாவலில் ஒரு ஆணையாக வையுங்கள். விசையர் குடியிருப்பில் யாரும் ஆற்றில் கூடைநீர் இறைக்கக் கூடாது. தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் கரையில் நின்று தண்ணீர் போவதைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் அடுத்த தெருவில் குடத்தோடு நிற்கிறார்கள். கழுமரம் இல்லாமலே வாசகனுக்கு நெஞ்சு வலிக்கும்.

அடுத்தது வரி. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பாலாற்றுப் பகுதிக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசுவிகள் பேரில் ஒரு வரி வருகிறது. இது ஆசீவகர் மேல் விதித்த வரிதான் என்று 1951 இல் வெளியான தன் நூலில் வரலாற்று ஆய்வாளர் ஏ.எல். பாஷம் வாதிட்டார்; வேறுவிதமாகப் படிப்பவர்களும் உண்டு. பாஷம் சொன்னது சரி என்றே நான் கொள்கிறேன். தறிக்கு வரி தறியிறை, செக்குக்கு வரி செக்கிறை, அந்த வரிசையில் ஒரு தத்துவத்துக்கும் இறை! நெய்கிறவன் தறிக்குக் கட்டுவதுபோல, நம்புகிறவன் நம்பிக்கைக்குக் கட்ட வேண்டும். ‘நான் அவனில்லை’ என்று சொன்னால் வரி இல்லை. இரண்டு தலைமுறை போதும். உங்கள் அரசனுக்கும் இது லாபம், கூட்டத்தை அழித்ததுபோலவும் ஆயிற்று, கருவூலத்தில் காசு சேர்ந்ததுபோலவும் ஆயிற்று.

மூன்றாவது, பெயர். பீகாரில் பராபர் குன்றில் அசோகரும், பக்கத்து நாகார்ஜுனிக் குன்றில் அவர் பேரன் தசரதனும் ஆசீவகருக்குக் குடைந்து கொடுத்த குகைகள் இருக்கின்றன. பளபளவென்று தேய்த்த சுவர்கள். அங்குள்ள கல்வெட்டுகள் சிலவற்றில், கொடுத்த அரசன் பெயர் இருக்கிறது, ஆட்சியாண்டு இருக்கிறது, ‘ஆசீவகருக்கு’ என்ற ஒரு சொல்லை மட்டும் பிற்காலத்தில் யாரோ உளியால் கொத்தியிருக்கிறார்கள். குகை வேண்டும், தானமும் வேண்டும், யாருக்கு என்பது வேண்டாம். நாகப்பட்டினத்தில் விகாரத்தின் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்துக்கு 19 ஆம் நூற்றாண்டில் ஊரார் வழங்கிய பெயர்கள் புதுவெளிக் கோபுரம், சீனக் கோபுரம், கறுப்புக் கோபுரம், சமணக் கோபுரம். கட்டியவர்களுடைய பெயர் அந்த வரிசையில் இல்லை. 1867 இல் அதையும் இடித்துவிட்டார்கள்.

நான்காவதுதான் உங்கள் கதைக்கு மிகவும் முக்கியம். ஓலைச்சுவடியை எரிக்கத் தேவையே இல்லை. எங்கள் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் ஓலை தானாகவே போய்விடும். பூச்சி துளைக்கும், நரம்பு நரம்பாகப் பிரியும், நூல் கோத்த துளை கிழியும். மஞ்சளும் வசம்பும் தடவி, விளக்குக் கரி பூசி எவ்வளவு பேணினாலும் சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து புது ஓலையில் படி எடுத்தே ஆகவேண்டும். எழுத்தாணி பிடித்து ஓலை கீறுவது விரல் காய்க்கிற வேலை; யாரோ சோறு போட்டால்தான் நடக்கும். அந்தச் சோற்றை நிறுத்தினால் நூல் செத்தது. பழுதான சுவடிகளை ஆடிப்பெருக்கு அன்று பூவோடு ஆற்றில் விடுகிற வழக்கமே நம்மிடம் இருந்திருக்கிறது. கும்பிட்டுத்தான் விட்டார்கள். ஆகவே உங்கள் கடைசிச் சீடன் மடியில் கட்டிக்கொண்டு ஓடுகிற ஒற்றைச் சுவடி ஆற்றைக் கடப்பதற்குள் நனைந்துவிடும், தம்பி. அதை நம்பி ஒரு நாவலை நிறுத்தாதீர்கள்.

அப்படியானால் கொள்கை எங்கே பிழைக்கும்? எதிரியின் வாயில்.

எங்கள் திருவாரூரிலேயே சாட்சி இருக்கிறது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று பழைய நில அளவில் ஊர்ப் பெருமை சொல்வோம். அந்தக் கமலாலயக் குளத்தைப் பற்றிப் பெரிய புராணத்தில் தண்டியடிகள் கதை வருகிறது. பிறவியிலேயே கண் தெரியாதவர். சமணர் குடியிருப்புகள் நெருக்கிக் குளம் சுருங்கிவிட்டது என்று வருந்தி, இரு முனையிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டுகிறார். சமணர் வந்து தடுக்கிறார்கள். வழக்கு அரசனிடம் போகிறது. தண்டியடிகளுக்குக் கண் கிடைக்கிறது, சமணர் கண்ணிழக்கிறார்கள், அரசன் அவர்களை ஊரைவிட்டுத் துரத்துகிறான், பாழிகளையும் பள்ளிகளையும் பறித்துக் குளத்தைக் கரைகட்டி முடிக்கிறார்கள். நான் அந்தக் குளத்துப் படியில் உட்கார்ந்து வளர்ந்தவன். தண்டியடிகள் கயிற்றைப் பிடித்து நடக்கும் அந்த இடம் எனக்கு உயிர். ஆனால் அதே கதைக்குள் சமணர் எதற்காகத் தடுத்தார்கள் என்பதையும் சேக்கிழார் விட்டுவைத்திருக்கிறார். மண்ணைத் தோண்டினால் சின்னஞ்சிறு உயிர்கள் சாகும், வேண்டாம் என்கிறார்கள். துரத்தப்பட்டவர்களின் முழு அறமும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. வென்றவர்களின் காவியம் சுமந்துவந்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது.

ஆசீவகருக்கு நேர்ந்ததும் இதுதான், இன்னும் முழுமையாக. அவர்கள் எழுதிய ஒரு நூல்கூட இன்று நம் கையில் இல்லை. ‘நவகதிர்’ என்று அவர்களுக்கு ஒரு நூல் இருந்தது, அந்தப் பெயரையே சமண நூலான நீலகேசியின் உரையில்தான் தெரிந்துகொள்கிறோம். பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் மணிமேகலை கொள்கை கேட்டுக்கொண்டு போகிறாள். அந்த வரிசையில் ஆசீவகர் ஒருவர் பேசுகிறார். சைவ நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் கொள்கையைச் சொல்லி மறுக்கும் பகுதியில், அருணந்தி சிவாச்சாரியார் ஆசீவகத்தைச் சொல்லி மறுக்கிறார். பௌத்தர், சமணர், சைவர் மூவரும் எதிரிகள், மூவரும்தான் காவலர்கள். நீலகேசியை எழுதியதே குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தை மறுக்கத்தான். குண்டலகேசி காணாமல் போயிற்று. மறுப்பு நூலும் உரையும் எடுத்தாண்ட துண்டுகள்தான் அதன் கதையை ஊகிக்க உதவுகின்றன.

இதற்கு ஒரு காரணம் நம் வாத மரபிலேயே இருக்கிறது. எதிராளியின் கட்சியை முதலில் முறையாக எடுத்து வைக்க வேண்டும், அதன்பிறகே மறுக்க வேண்டும். பரபக்கம் முதலில், தன் கட்சியைச் சொல்லும் சுபக்கம் பிறகு. அரைகுறையாக எடுத்து வைத்தால் சபையில் மானம் போய்விடும். அதனால் மணிமேகலையில் அந்த ஆசீவகர் பேசும் பகுதி ஏளனமாக இல்லை, தெளிவாக இருக்கிறது. நிலம், நீர், தீ, காற்று என நான்கு வகை அணு, ஐந்தாவதாக உயிர். நிலத்துக்கு உறுதி இயல்பு, நீர் இழிந்து ஆழும், தீ மேலே எழும், காற்று குறுக்கே வீசும். இவை கூடினால் மலையாகும், உடம்பாகும்; பிரிந்தால் பழையபடி அணுவாகும். நெருங்கிச் செறிந்தால் வைரம், உள்ளே துளைபட்டால் மூங்கில். நீரணு ஒருநாளும் நிலவணு ஆகாது, ஓர் அணு இரண்டாகப் பிளக்காது, அவல் போலத் தட்டையாகப் பரவவும் செய்யாது. உயிர்களுக்குக் கருமையில் தொடங்கி வெண்மை வரை ஆறு நிறப் பிறப்பு. அந்த அவல் என்ற உவமையைப் பாருங்கள். எவரோ ஒருவர் உரலில் நெல் தட்டையாவதைப் பார்த்து, அணு இப்படி ஆகாது என்று மாணவனுக்குச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வேண்டியது இந்த மாதிரித் தத்துவம். பேரண்டத்தைப் பேசும்போதும் அடுப்படிச் சாமான் கையில் இருக்க வேண்டும்.

எதிரி சுமந்தால் எதிரி கோணத்தில்தான் சுமப்பான் என்பதையும் மறக்காதீர்கள். சமண ஆகமங்களில் ஒன்றில் சத்தாலபுத்தன் என்ற குயவன் வருகிறான், ஆசீவக நெறியினன். இந்தப் பானைகள் முயற்சியால் ஆனவையா என்று மகாவீரர் கேட்கிறார். முயற்சி என்று ஒன்றில்லை, எல்லாம் நியதி என்கிறான். அப்படியானால் ஒருவன் வந்து உன் பானையை உடைத்தால், உன் மனைவியிடம் முறைகேடாக நடந்தால் என்ன செய்வாய்? அடிப்பேன் என்கிறான். எல்லாம் நியதி என்றால் அவனை அடிக்க உனக்கு என்ன நியாயம்? குயவன் வாயடைத்துக் கட்சி மாறுகிறான். கேள்வி கூர்மையானது, அதற்கு ஆசீவகரிடம் விடை சொல்வது கடினம். உங்கள் விசையருக்கும் இப்படி ஒரு பலவீனம் வேண்டும். எல்லாம் விசையின் வேலை என்றால், கரையை உடைத்துப் பக்கத்து ஊரை மூழ்கடித்தவனைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதில் சொல்லத் திணறுகிற விசையர் ஒருவரையும் காட்டுங்கள். துன்புறுத்தப்பட்டவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று எழுதினால் அது தோத்திரமாகிவிடும். ஆனால் அந்தக் குயவன் வீட்டுக்குப் போய் அன்றிரவு என்ன யோசித்தான் என்பதை ஆகமம் சொல்லவில்லை. நாவலாசிரியருக்கு விட்டுவைத்த இடம் அது.

எல்லாச் சிறுபான்மை நெறியும் அழிவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். சமணர் டெல்டாவில் அற்றுப்போகவில்லை. மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் கும்பகோணத்திலும் அவர்களுக்கு இன்றும் கோயில் இருக்கிறது, விளக்கெரிகிறது. ஆசீவகருக்கு ஒரு மாடம்கூட இல்லை. என் எண்ணம் இது: சமணத்தில் பிள்ளை பிறந்தால் செய்ய ஒன்று இருந்தது, கல்யாணத்துக்கு ஒன்று இருந்தது, வியாபாரிகள் பரம்பரையாகப் பொருள் கொடுத்தார்கள். எதையும் செய்து எதுவும் மாறாது என்று சொல்லும் நெறியில், வீட்டில் இருக்கும் பெண்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க என்ன சடங்கு மிஞ்சும்? கொள்கை மூளையில் மட்டும் தங்கியிருந்தால் மூளைகள் போனதும் போய்விடும்.

இப்போது அந்த மடத்துப் பிள்ளைக்கு வருகிறேன். இவனையும் நான் கற்பனையில் இருந்து எடுக்கவில்லை. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, திருவாவடுதுறைச் சைவ மடத்தின் நிழலில் படித்து, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்தவர் உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணி சமண நூல். படித்தபோது அவருக்குப் பல இடம் விளங்கவில்லை. அந்த ஊரில் இருந்த சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். 1887 இல் பதிப்பித்தார். மணிமேகலை இன்னும் கடினம். கேட்க ஒரு பௌத்தர்கூட அக்கம்பக்கத்தில் இல்லை. உடன் வேலைபார்த்த ரங்காசாரியார் ஆங்கிலத்தில் வந்த பௌத்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். 1898 இல் நூல் வெளிவந்தது. திருநீறு பூசிய ஒரு பிராமணர், ஒரு வைணவ நண்பரின் துணையோடு, பௌத்தக் காப்பியத்தை அச்சேற்றினார். அதற்குள் இருந்த ஆசீவகரும் அதோடு வெளியே வந்துவிட்டார். இவர்கள் யாரும் ஆசீவகத்தை நம்பியவர்கள் இல்லை. நம்பாதவர்கள் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டும் என்று பட்ட பாட்டில் அது பிழைத்தது. இதைவிடப் பெரிய கதை எனக்குத் தெரியாது.

உங்கள் நாவலில் இப்படிச் செய்து பாருங்கள். விசையர் ஒழிந்து நூறு வருடம் ஆகிவிட்டது. அவர்களை மறுத்து எழுதிய பெருநூல் அரசாங்க மடத்தில் இருக்கிறது, சில தலைமுறைக்கு ஒருமுறை அதைப் படி எடுப்பது மடத்தின் கடமை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் அந்த வேலைக்கு அமர்கிறான். அவன் பக்தியுள்ள பிள்ளையாகவே இருக்கட்டும், குருவின் மேல் உண்மையான அன்பு உள்ளவனாக இருக்கட்டும். குருவையும் கொடியவராக்காதீர்கள். எதிராளியின் வாதத்தைக் குறைத்து எழுதக் கூடாது என்று அவனுக்குக் கற்பிப்பதே அவர்தான். பிள்ளை கடைமடைக் குடியானவன் வீட்டிலிருந்து வந்தவன், தண்ணீருக்காக அப்பன் இரவெல்லாம் மதகடியில் படுத்திருந்ததைப் பார்த்தவன்.

ஒவ்வொரு அதிகாரத்திலும் முதல் பாதி விசையர் சொன்னது, அடுத்த பாதி மறுப்பு. சில மாதம் கழித்து, முதல் பாதிகளை மட்டும் கழிவோலைகளில் தனியே கீறத் தொடங்குகிறான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. அடுக்கிப் படித்தால் ஒரு நூல் வருகிறது. ஆனால் நடுவே ஓர் இடத்தில் கணக்கு இடிக்கிறது. தேங்கிய நீரே கசியும், பாயும் நீர் கசியாது என்று விசையர் சொன்னதாக மறுப்பு நூல் எழுதியிருக்கிறது, அதை வைத்து அவர்களை மடக்கவும் செய்கிறது. நண்டு வளை பார்த்த பிள்ளைக்குத் தெரியும், ஓடுகிற வாய்க்காலும் கசியும். தண்ணீர் தெரிந்தவர்கள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ, மானத்தையும் பொருட்படுத்தாமல், ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள்.

குருவிடம் கேட்கவா வேண்டாமா என்று இரண்டு நாள் தூங்காமல் கிடக்கிறான். ஆடி பிறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது, செக்கச் சிவந்து நுரையும் சருகுமாக. மூன்றாம் நாள் விடியுமுன், எழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டு மதகடிக்குப் போய், ஓடும் வாய்க்காலின் வெளிக்கரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான். முதல் அத்தியாயத்தை அங்கே நிறுத்துங்கள். கரையில் ஈரம் இருந்ததா என்பதை இரண்டாவதில் சொல்லலாம்.